அம்பு எங்கே, சந்தியோகு?

சுருவம் வந்திறங்கிய நாள் சரியான வெயில்.
மன்னாரிலிருந்து லான்ட்மாஸ்ரரில், வைக்கோல் சுற்றி,
பாலியாற்று மணலைத் தாண்டி.
வைக்கோலை உருவ முதலில் தெரிந்தது மானின் மூக்கு,
பிறகு தாடி,
பிறகு கால். மொழுமொழுவென்று
ஒரு கீறலும் இல்லாத கால்.

அம்பு எங்கே, சந்தியோகு?

"அது எதுக்கு அக்கா, பாக்க நோகுது.
பழசிலயும் அது கறள் பிடிச்ச கம்பிதானே."

பழைய எஜிதியாரை எனக்குத் தெரியும்.
ஷெல்லில் தலை போன பிறகும்
முழங்காலில் அம்பு மட்டும் நின்றது.
கடற்கரை வரை ஓடி, முகாமில் கிடந்து,
நாங்கள் திரும்பி வந்தபோது
அதில் யாருடையதோ பனியன் காய்ந்துகொண்டிருந்தது.

ஆயிரத்து முந்நூறு வருசத்துக்கு முந்தின மனுசன்.
கிரேக்க தேசத்தில் பிறந்தாராம். இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டுக்
கப்பலேறிப் பிராஞ்சு தேசத்துக் காட்டுக்குள் போனாராம்.
எனக்கு நினைத்துப் பார்க்க வேறு காடு இல்லை,
ஆகவே வீரை மரத்தடியில் இருத்துகிறேன்.
ஒரு பெண்மான் வந்து பால் கொடுத்தது.
ஒருநாள் நாய்கள் குரைத்தன, மான் ஓடிவந்து மடிக்குள் புகுந்தது,
மானுக்கென்று விட்ட அம்பு அவருக்குள் இறங்கியது.

இங்கே கட்டுத்துவக்கும் அப்படித்தான்.
மரைக்கென்று கட்டுவார்கள்,
விறகுக்குப் போனவனுக்கு வெடிக்கும்.
என்னுடையது அதுவுமில்லை.
எனக்கென்றும் வைக்கவில்லை, மானுக்கென்றும் வைக்கவில்லை.
மண்ணுக்குள் கிடந்தது,
மாடு தேடி வருகிற ஆருக்கோ.

அரசன் ஓடி வந்தானாம்.
குதிரையால் இறங்கி முழந்தாளிட்டு
மன்னிப்புக் கேட்டானாம். வைத்தியரை அனுப்பினானாம்.
வேண்டாம் என்றாராம் எஜிதியார்.
இந்தக் காயம் ஆறாதிருக்கட்டும் என்று மன்றாடினாராம்.

இந்த இடத்தில்தான்
ஒவ்வொரு செப்டெம்பரும் எனக்குக் கோபம் வரும்.
உம்மிடம் கேட்டார்கள் ஐயா.
வேண்டாம் என்று சொல்ல உமக்கொரு இடம் இருந்தது.
என்னிடம் வந்தது படிவம்.
மூன்று பிரதி.
'சம்பவம் நடந்த விதம்' எழுத
ஒரு விரல் அகலத்தில் கட்டம்.

அவர் பேரில் கோயில்களை
நகர வாசலுக்கு வெளியே கட்டினார்களாம்,
முடவர் உள்ளே வர அலையக்கூடாதென்று.
எங்கள் ஆட்களும் அதே மாதிரி
ஊருக்கு வெளியே கட்டினார்கள்.
நாங்கள் இருப்பதோ ஊருக்குள்.
ஒன்றரைக் கிலோமீற்றர் கிரவல் ரோட்டு.
புழுதி பொய்க்காலின் கிண்ணத்துக்குள் போய் அறுக்கும்.
ஆனாலும் போகிறோம்.
எமில்டா கக்கத்தடியில்,
குருசுமுத்து மூன்றுசில்லுச் சைக்கிளில்,
தவமலர் வேதக்காரியில்லை, அவளும் வருவாள்
ஒரு போத்தல் ஆட்டுப்பாலோடு.

அன்றைக்குச் சுருவத்துக்கு முன்னால் பதினொரு பேர்.
தவமலரின் இரண்டையும் சேர்த்துப்
பன்னிரண்டு கால்.

"சுகமான கால் சனத்துக்கு நம்பிக்கை தரும்" என்றார் ஃபாதர்.
குருசுமுத்து தலையைச் சொறிந்தான்.
"சுகமான காலோட நிறையப் பேர் இருக்கினம் ஃபாதர்.
அவையிட்ட நாங்கள் ஒண்டும் கேக்கிறேல்ல."

பிறகு அவனே குனிந்து
தன் பின்சில்லிலிருந்து ஒரு கம்பியைக் கழற்றினான்.
சந்தியோகு துளை போட்டான்.
சீமெந்துத் தூள் பறந்தது.
சுருவம்தானே, என்றாலும்
நான் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எல்லாம் முடிந்து, கயிற்றைச் சுருட்டியபடி
என்னிடம் வந்தான்.
"கறள் பிடிக்காமல் ஒரு பூச்சு அடிச்சு விடட்டோ அக்கா?"

என்னிடம் கேட்டான்.

வேண்டாம் என்றேன்.